வடிகட்டிக்கும் பரீட்சை உண்டு

1892ஆம் ஆண்டு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம். திமீத்ரி இவனோவ்ஸ்கி என்ற 27 வயது இளைஞர், புகையிலைச் செடிகளைத் தாக்கும் ஒரு நோயைப் பற்றித் தான் கண்டதை அங்கே அறிஞர்கள் முன் வைத்தார். அந்த நோய் வந்த இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். இவனோவ்ஸ்கி அந்த இலைகளை அரைத்துச் சாறெடுத்தார். சாற்றைப் பீங்கான் வடிகட்டி ஒன்றில் ஊற்றி வடித்தார். அந்த வடிகட்டி பிரான்சு நாட்டில் லூயி பாஸ்டருடன் வேலை பார்த்த சார்லஸ் சேம்பர்லாண்ட் 1884இல் உருவாக்கியது. அதன் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. பாக்டீரியாக்கள் வெளியிலேயே நின்றுவிடும். அப்படியென்றால் வடிந்து வந்த சாற்றால் நோய் பரவக் கூடாது, இல்லையா? ஆனால் பரவியது. அந்தச் சாறு பட்ட நல்ல செடிக்கும் அதே நோய் வந்தது.

இப்படி ஒரு முடிவைக் கேட்டதும் யாருக்கும் முதலில் என்ன தோன்றும்? "வடிகட்டியில் எங்கோ விரிசல் இருந்திருக்கும்" என்றுதான் தோன்றும். இவனோவ்ஸ்கிக்கும் அது தெரியும். அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் வடிகட்டியைப் பரிசோதித்து, மெல்லிய விரிசலோ துளையோ இல்லை என்று உறுதி செய்துகொண்டதாகத் தன் கட்டுரையில் எழுதினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1898இல், நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெய்ஜெரிங்க் அதே சோதனையைத் தானும் செய்து பார்த்து, நோயை உண்டாக்குவது பாக்டீரியா அல்ல, அதுவரை யாரும் அறியாத வேறொரு வகைத் தொற்று என்றார். இன்று நாம் வைரஸ் என்று சொல்வது அதைத்தான். வடிகட்டியைச் சோதிக்காமல் விட்டிருந்தால், மனிதர்கள் முதன்முதலில் அடையாளம் கண்ட வைரஸை "ஓட்டை வடிகட்டி" என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள்.

தம்பி தங்கைகளே, இன்று நம்மைச் சுற்றி எத்தனை வடிகட்டிகள் என்று எண்ணிப் பாருங்கள். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளில் புகைபோக்கிக்குப் போகும் காற்றிலிருந்து தூசைப் பிடித்து வைக்க வடிகட்டி. கோவையின் நூற்பாலைகளில் காற்றில் பறக்கும் பஞ்சுத் துகளைப் பிடிக்க வடிகட்டி. ஊசி மருந்து செய்யும் இடத்தில் மருந்தில் கிருமி கலக்காமல் இருக்க வடிகட்டி. சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் நெம்மேலி நிலையங்களில் அடுக்கடுக்காக வடிகட்டிகள். இவற்றில் ஒன்று கெட்டுப்போனால் அது சிலருடைய நுரையீரலில், சிலருடைய ரத்தத்தில், சிலருடைய தண்ணீர்க் குடத்தில் போய் முடியும். ஆகவே ஒவ்வொரு வடிகட்டியையும் அடிக்கடி சோதித்தாக வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. வடிகட்டி இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, கிழிந்துபோகும். அடைத்துக்கொண்டால் நமக்கு உடனே தெரியும்: காற்று வராது, தண்ணீர் சொட்டும், மோட்டார் திணறும். கிழிந்தால்? எல்லாம் முன்பைவிடச் சுலபமாக ஓடும். காற்று தாராளமாக வரும், தண்ணீர் வேகமாக விழும். "ஆகா, நன்றாக வேலை செய்கிறதே" என்று எல்லாரும் மகிழ்ந்திருக்கும் நேரத்தில், பிடிபட வேண்டிய அழுக்கு முழுவதும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். வடிகட்டிகளோடு பழகியவர்கள் அடைப்பைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள். எதிர்பாராத சுகத்தைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்க லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகள் இருக்கின்றன. அவை நல்லவைதான். ஆனால் அவை அளப்பது எதை என்று பார்த்தால், பெரும்பாலும் மிக எளிய ஒன்றாக இருக்கும். அதையே நீங்களும் நானும் குறைந்த செலவில் அளக்க முடியும். இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

முதலில் தண்ணீர்க் குழாய். வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் மட்டம் பார்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் பிடிப்பார். இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஏன் நிற்கிறது? இரண்டு முனைகளையும் அழுத்துவது ஒரே காற்று. ஒரு முனையில் மட்டும் அழுத்தம் கொஞ்சம் கூடினால், அந்தப் பக்கம் தண்ணீர் இறங்கும், எதிர்ப்பக்கம் ஏறும். அவ்வளவுதான் கருவி. அந்த டியூபை ஒரு பலகையில் ஆங்கில எழுத்து 'யு' வடிவில் வளைத்துக் கட்டி, நடுவே ஓர் அளவுகோல் ஒட்டி, உள்ளே சாயம் கலந்த தண்ணீர் ஊற்றினால் அழுத்தமானி தயார். டியூப் ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

இதை வடிகட்டியோடு எப்படி இணைப்பது? வடிகட்டிக்கு முன்னால் குழாயில் ஒரு சிறு துளை. பின்னால் ஒரு சிறு துளை. டியூபின் ஒரு முனை முன்துளைக்கு, மறுமுனை பின்துளைக்கு. காற்று வடிகட்டித் துணிக்குள் நெருக்கியடித்துப் போகும்போது தன் அழுத்தத்தில் கொஞ்சத்தை இழக்கிறது. எவ்வளவு இழந்தது என்பதை இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம் மில்லிமீட்டரில் சொல்லிவிடும். பெரிய ஆலைகளின் துணிப்பை வடிகட்டிகளில் இந்த வித்தியாசம் வழக்கமாக 75 முதல் 150 மில்லிமீட்டர் வரை இருக்கும். நம்மை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலமோ தண்ணீரை 10 மீட்டருக்கும் மேலே தூக்கி நிறுத்தக்கூடியது. அதோடு பார்த்தால் இது நூற்றில் ஒரு பங்குதான். அத்தனை சின்ன மாற்றத்தை ஒரு பிளாஸ்டிக் டியூப் பிடித்துவிடுகிறது.

அதைவிடவும் சின்ன மாற்றம் என்றால்? அதற்கு ஓர் அழகான வழி உண்டு. டியூபின் ஒரு காலைச் செங்குத்தாக நிறுத்தாமல் சாய்த்துப் படுக்க வையுங்கள். பத்து மில்லிமீட்டர் நீளம் போனால் ஒரு மில்லிமீட்டர் உயரும்படி சரிவு வைத்தால், தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் உயர்வதற்குச் சரிவில் பத்து மில்லிமீட்டர் ஓட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவு பத்து மடங்காகத் தெரியும். மறுகாலுக்குப் பதிலாக அகலமான பாட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே மட்டம் அநேகமாக அசையாது, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. தொழிற்சாலைகளில் இன்றும் இந்தச் சாய்வுக் குழாய் பயன்படுகிறது.

இனி வாசிப்பது எப்படி என்று பார்ப்போம். தினமும் ஒரே நேரத்தில், மின்விசிறி ஒரே வேகத்தில் ஓடும்போது, எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். வேகம் மாறினால் எண்ணும் மாறும், அப்புறம் ஒப்பிட முடியாது. எண் நாளுக்கு நாள் மெல்ல ஏறினால் தூசு சேர்கிறது என்று பொருள். மிக அதிகமாக ஏறினால் அடைப்பு. ஒருநாள் திடீரென்று கீழே விழுந்தால் எங்கோ கிழிந்திருக்கலாம். பூஜ்யம் காட்டினால் உடனே பயப்பட வேண்டாம். டியூப் கழன்று விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒற்றை எண்ணுக்கு மதிப்புக் குறைவு. நேற்று, போன வாரம், போன மாதம் என்று எழுதி வைத்த நோட்டுக்குத்தான் மதிப்பு. ஒரு ஆலையில் எனக்கு மினுமினுக்கும் கருவியும் காலியான நோட்டும் காட்டினால், ஒரு பிளாஸ்டிக் டியூபும் நிரம்பிய நோட்டும் உள்ள ஆலையையே நான் நம்புவேன்.

இங்கே ஒரு விந்தை. புத்தம் புதிய துணிப்பைதான் மிக நன்றாக வடிகட்டும் என்று நினைப்போம். அப்படியில்லை. புதுத்துணியின் இழைகளுக்கு நடுவே நுண்தூசு நழுவிப் போகும். சில நாள் ஓடி, துணியின் மேல் தூசு மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் பிடிப்பு கூடுகிறது. அதன் பிறகு அந்தத் தூசுப் படலமே வடிகட்டி. துணி அதைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆகவே அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதும் நல்லதல்ல. தூசை மிகைபட உதறி உதறிப் பையைப் பளிச்சென்று வைக்கப் பார்ப்பவர்கள் புகைபோக்கி வழியாகத் தூசை ஊருக்கு அனுப்புகிறார்கள்.

ஆனாலும் டியூபுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பெரிய சிமென்ட் ஆலையின் தூசுக் கூடத்துக்குள் நூற்றுக்கணக்கான பைகள் தொங்கும். ஒவ்வொன்றும் பல மீட்டர் நீளம். உள்ளே கம்பிக்கூடு, வெளியே துணி. தூசுக் காற்று துணிக்கு வெளியிலிருந்து உள்ளே புகுந்து, மேல்வாய் வழியாகச் சுத்தமாக வெளியேறும். இத்தனை பைகளில் ஒரே ஒரு பையில் விரல் நுழையும் அளவு ஓட்டை விழுந்தால் மொத்த அழுத்தம் அசைவதே இல்லை. நூற்றுக்கணக்கான பைகளில் அந்த ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் ஆலையை நாள்கணக்கில் நிறுத்த வேண்டும்.

இதற்கு ஆலைக்காரர்கள் செய்வது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. புற ஊதா ஒளி பட்டால் பளீரென்று ஒளிரும் ஒரு பொடி இருக்கிறது. ஆயிரம் சதுர அடித் துணிக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக என்ற கணக்கில் அந்தப் பொடியை எடுத்து, தூசு நுழையும் வழியில் தூவுவார்கள். மின்விசிறி சிறிது நேரம் ஓடும். காற்று எங்கே சுலபமாகப் போகிறதோ அங்கேதான் பொடியும் அதிகம் போகும். அதாவது ஓட்டையைத் தேடிக்கொண்டு பொடி தானே ஓடும். பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுத்தக் காற்றுப் பக்கம் ஏறி, இருட்டில் புற ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பார்கள். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கிறார்களே, அதே வகை ஒளிதான். நல்ல பைகளின் வாய் இருட்டாகவே இருக்கும். கிழிந்த பையின் வாயைச் சுற்றி மட்டும் ஆரஞ்சோ பச்சையோ ஒளிரும். அந்தப் பையை மாற்றுவார்கள். மாற்றியது சரியாகப் பொருந்தியதா? அதையும் பார்க்க வேண்டுமே! இரண்டாம் முறை வேறு நிறப் பொடி. பழைய பொடியின் மிச்சம் எது, புதிய ஒழுக்கு எது என்று குழம்பாமல் இருக்கத்தான் நிறத்தை மாற்றுகிறார்கள். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

இனி ஒளியைப் பற்றிப் பேசுவோம். இதற்கு 1870ஆம் ஆண்டு லண்டனுக்குப் போக வேண்டும்.

அங்கே ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிலையத்தில் ஜான் டிண்டல் என்ற இயற்பியலாளர் இருந்தார். அயர்லாந்தில் பிறந்தவர். மக்கள் கூட்டத்தின் முன்னால் சோதனை செய்து காட்டிப் பேசுவதில் பெரிய கெட்டிக்காரர். ஓட்டு வீட்டில் சின்ன இடுக்கு வழியாக வெயில் கற்றையாக விழும்போது, அதற்குள் தூசு மினுக்கிக்கொண்டு மிதப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிண்டல் இருட்டறையில் பலமான ஒளிக்கற்றையைப் பாய்ச்சி அதையே ஆராய்ந்தார். நாம் பார்ப்பது ஒளிக்கற்றையை அல்ல. அதன் பாதையில் இருக்கும் தூசு நம் கண்ணை நோக்கித் திருப்பிவிடும் ஒளியைத்தான். தூசே இல்லாத காற்றில் கற்றை போனால், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு வெறும் இருட்டுதான் தெரியும்.

அப்படியானால் ஒளிக்கற்றையே வடிகட்டியின் பரிசோதகர் ஆகிவிட்டது, கவனித்தீர்களா? டிண்டல் ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக ஒளிக்கற்றையின் குறுக்கே மூச்சை விட்டார். மூச்சின் தொடக்கத்தில் கற்றை வழக்கம்போல் ஒளிர்ந்தது. மூச்சு முடியும் தறுவாயில் கற்றையின் நடுவே கன்னங்கரேலென்று ஓர் ஓட்டை தெரிந்தது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வந்த காற்று அது. அதிலிருந்த தூசு நுரையீரலிலேயே தங்கிவிட்டது. அடுத்து, ஒரு கை நிறையப் பஞ்சை மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்தி, அதன் வழியாக மூச்சிழுத்து, பிறகு கற்றையில் ஊதினார். இந்த முறை தொடக்கத்திலிருந்தே கறுப்பு. பஞ்சு தூசைப் பிடித்துவிட்டது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? பின்னர் இதே பஞ்சைக் கிளிசரினில் நனைத்து, கரித்துண்டுகளும் சேர்த்து, தீயணைப்பு வீரர்கள் அணியப் புகைமூடி ஒன்று செய்தார். பிசின் நிறைந்த பைன் கட்டையைக் கொளுத்தி ஒரு சிறிய அறையைப் புகையால் நிரப்பி, தானே அதை அணிந்து உள்ளே நின்று பார்த்தார்.

இன்று உயர்ரகக் காற்று வடிகட்டிகளை 'ஹெப்பா' என்று சொல்கிறார்கள். அறுவை சிகிச்சை அறையிலும் கணினிச் சில்லுகள் செய்யும் ஆலையிலும் இருக்கும். 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசு வெளியேறாமல் தடுக்க உருவானவை அவை. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் பத்தாயிரத்துக்கு மூன்றுக்கு மேல் விடக் கூடாது என்பது விதி. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஏன் 0.3? இன்னும் சின்னத் துகளை வைத்துச் சோதித்தால் பரீட்சை கடினமாகாதா? ஆகாது! இந்த வடிகட்டியைச் சல்லடை என்று நினைத்தால் குழம்பிவிடுவோம். அது இழைகள் தாறுமாறாகக் கிடக்கும் ஒரு கருவேலங்காடு. மரங்களுக்கு நடுவே இடைவெளி நிறைய உண்டு. காற்று மரங்களைச் சுற்றி வளைந்து போய்விடும். கனமான துகளால் அப்படிச் சட்டென்று வளைய முடியாது. நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிக நுண்ணிய துகளைக் காற்றின் மூலக்கூறுகள் இங்கும் அங்குமாக இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது தள்ளாடித் தள்ளாடி ஏதாவது ஓர் இழையில் பட்டுவிடும். நடுவில் உள்ளதுதான் தப்பிக்கும். வேகத்தில் மோத அதற்குக் கனம் போதாது. தள்ளாட அது அவ்வளவு இலேசும் இல்லை. அந்த நடு அளவு ஏறக்குறைய 0.3 மைக்ரான். எது மிக நன்றாகத் தப்பிக்குமோ அதை வைத்துச் சோதிப்பதுதான் நேர்மையான பரீட்சை.

ஹெப்பாவைச் சோதிக்கும் விலையுயர்ந்த கருவி என்ன செய்கிறது? ஒரு பக்கம் எண்ணெயை நுண்பனியாகத் தூவுகிறது. மறுபக்கம் வரும் காற்றின் குறுக்கே ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியை அளக்கிறது. டிண்டலின் கண்ணிருந்த இடத்தில் ஒரு மின்னணுக் கண்; அவ்வளவுதான் வித்தியாசம். 2020இல் கொரோனா பரவியபோது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மறுபடி எளிமையாக்கினார்கள். ஒரு கறுப்புப் பெட்டி, லேசர் ஒளியை விரித்த ஒரு தகடு போன்ற கற்றை, ஒரு கைப்பேசிக் கேமரா. முகக்கவசம் அணிந்த ஒருவர் பெட்டிக்குள் பேசுவார். வாயிலிருந்து தப்பி வரும் துளிகள் ஒளியில் மின்னும், கேமரா படம்பிடிக்கும், கணினி எண்ணும். பதினான்கு வகை முகக்கவசங்களையும் மூடிகளையும் ஒப்பிட அது போதுமானதாக இருந்தது. இந்த லேசர் சோதனையை மட்டும் நீங்கள் வீட்டில் செய்யாதீர்கள். லேசர் கண்ணில் பட்டால் பார்வை போய்விடலாம்.

அடுத்து குமிழி. சைக்கிள் டியூப் பஞ்சர் ஆனால் கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பார், குமிழி வரும் இடத்தில் ஓட்டை. வடிகட்டியில் இதைச் செய்வதில் ஒரு கூடுதல் நுட்பம் உண்டு. வடிகட்டியில்தான் எல்லா இடமும் துளையாயிற்றே, எல்லா இடத்திலும் குமிழி வராதா?

வராது. நன்றாக நனைந்த துளைக்குள் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். துளை எவ்வளவு சிறியதோ பிடி அவ்வளவு பலம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள துளையிலிருந்து தண்ணீரை வெளியே தள்ள, சுமார் 29 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கான நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் துளைக்கு 2.9 மீட்டர் உயரம் வேண்டும். ஒரு மைக்ரான் துளைக்கு 29 மீட்டர்! ஆகவே அழுத்தத்தை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போனால், இருப்பதிலேயே பெரிய துளைதான் முதல் குமிழியை விடும். குமிழி வந்த இடம் பலவீனமான இடத்தைக் காட்டும். குமிழி வந்த அழுத்தம் அந்தத் துளையின் அகலத்தைச் சொல்லும். மைக்ராஸ்கோப்பே இல்லாமல் மைக்ரானை அளந்துவிட்டோம்!

வண்டிகளுக்கான எண்ணெய் வடிகட்டி செய்யும் ஆலைகளில் வடிகட்டியை ஆல்கஹாலில் முக்கி, மெல்லக் காற்றைச் செலுத்தி, சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பார்கள். ஆல்கஹாலின் இழுவிசை தண்ணீரினுடையதில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் குறைந்த அழுத்தமே போதும். ஊசி மருந்துக்கான 0.2 மைக்ரான் வடிகட்டிகளுக்கு இந்தக் குமிழிச் சோதனை உயிர்நாடி. உண்மையான பரீட்சை என்றால் பாக்டீரியாவையே ஊற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் பாக்டீரியா ஊற்றிய வடிகட்டியில் பிறகு மருந்தை ஊற்ற முடியுமா? அதனால் மாதிரிக்கு எடுத்த சில வடிகட்டிகளில் பாக்டீரியாவை ஊற்றி, எந்தக் குமிழி அழுத்தம் உள்ள வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொள்வார்கள். பிறகு மருந்துக்குப் பயன்படும் வடிகட்டியைக் குமிழியால் மட்டும் சோதிப்பார்கள். குமிழியால் வடிகட்டிக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

கடல்நீர் நிலையங்களில் இன்னும் எளிய ஒன்று நடக்கும். உப்பை நீக்கும் சவ்வுகள் விலை அதிகமானவை. கலங்கலான நீர் வந்தால் அடைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் இருக்கும் மணல் வடிகட்டிகளும் மற்றவையும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, 0.45 மைக்ரான் துளையுள்ள வட்ட வடிதாள் ஒன்று, ஓர் அழுத்தமானி, ஒரு அளவுக்குடுவை, நேரம் பார்க்க ஒரு கடிகாரம் போதும். நீரை மாறாத அழுத்தத்தில் தாள் வழியாக விட்டு, 500 மில்லிலிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறிப்பார்கள். நீர் ஓடிக்கொண்டே இருக்கும். 15 நிமிடம் கழித்து மறுபடி 500 மில்லிலிட்டருக்கு நேரம் பார்ப்பார்கள். முதலில் 30 விநாடி, பிறகு 40 விநாடி என்று வைத்துக்கொள்வோம். முப்பதை நாற்பதால் வகுத்தால் 0.75. ஓட்டம் 25 சதவீதம் குறைந்திருக்கிறது. இருபத்தைந்தைப் பதினைந்து நிமிடத்தால் வகுத்தால் 1.67. இது நல்ல நீர். ஐந்துக்கு மேல் போனால் சவ்வுக்கு ஆபத்து. மூன்றுக்குள் இருந்தால் நிம்மதி. சோதனை முடிந்ததும் தாளைத் தூக்கிப் போட மாட்டார்கள். அதன் கறையைப் பார்ப்பார்கள். செம்பழுப்பாக இருந்தால் இரும்புத் துரு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். ஒரு வட்டத் தாளில் இவ்வளவு செய்தி.

இனி உங்கள் முறை. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டு இரண்டு வடிதாள்கள், ஒரு புனல் வாங்கிக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி மண்ணைக் கலக்கி, கொஞ்ச நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் கலங்கல் நீரை மட்டும் எடுங்கள். புனலில் வடிதாளை மடித்து வைத்து, கலங்கலை ஊற்றி, ஒரு டம்ளர் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். தாளை மாற்றாமல் இரண்டாவது, மூன்றாவது டம்ளருக்கும் நேரம் பாருங்கள். கூடிக்கொண்டே போகும். இப்போது இரண்டாவது தாளை எடுத்து, மடிப்பின் அடிமுனையில் ஊசியால் ஒரு சிறு துளை போட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். நேரம் நன்றாகக் குறையும். விநாடியை மட்டும் பார்த்தால் ஓட்டைத் தாள்தான் வகுப்பில் முதல் மாணவன். அறையை இருட்டாக்கி, இரண்டு டம்ளர்களிலும் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். எந்த டம்ளரில் ஒளிக்கற்றை பளிச்சென்று தெரிகிறது என்று நோட்டில் எழுதுங்கள். விநாடி, ஒளி என்ற இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை தெரியும்.

வீட்டில் வெள்ளைப் பீங்கான் கேண்டில் வைத்த ஃபில்டர் இருந்தால், அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொன்றும் செய்யலாம். கேண்டிலை இரவு முழுவதும் நல்ல நீரில் ஊறவிடுங்கள். ஊறாவிட்டால் உள்ளே இருக்கும் காற்றே குமிழியாக வந்து ஏமாற்றும். அதன் காம்பில் சுத்தமான டியூபை மாட்டி, நீருக்கடியில் மேலோட்டமாக முக்கிப் பிடித்து, மெல்ல ஊதுங்கள். உறிஞ்சக் கூடாது. பீங்கானும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும். ஓரிடத்திலிருந்து சரம் சரமாகக் குமிழி வந்தால் அந்தக் கேண்டிலை மாற்றிவிட வேண்டியதுதான்.

குமிழி வரவில்லை என்றால் கேண்டில் நல்லது என்று முடிவு கட்டலாமா? மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். மெல்ல ஊதும் மூச்சு 30 சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீரைத் தள்ளினால், அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விரிசலை மட்டுமே காட்டும். அந்த விரிசலின் அகலத்தில் நூறு பாக்டீரியாக்கள் வரிசையாக நிற்கலாம். அதைவிடச் சிறிய விரிசல் உங்கள் மூச்சுக்குத் தெரியாது. டார்ச் ஒளியில் தெளிவாகத் தெரியும் நீரிலும் கிருமி இருக்கலாம். எனவே இந்தச் சோதனைகளில் தேறிய தண்ணீரையும் கொதிக்க வைத்து, ஆறவிட்டுத்தான் குடிக்க வேண்டும். மண் கலந்த சோதனைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.